பிக்கப் டிரக்கின் மேனுவல் கியர்பாக்ஸ்: வலிமையை மதிப்பிடுவதற்கும் நெடுங்காலம் உழைக்க வைப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2018-ஆம் ஆண்டு மாடல் ராம் 3500 பிக்கப்பில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைக் கேட்டு வாங்கியவருக்குக் கிடைத்த முறுக்குவிசை எவ்வளவு என்பதை, அவர் தேர்ந்தெடுத்த கியர்பாக்ஸே முடிவு செய்தது. கனமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் வாங்கினால் ஏறத்தாழ 1,260 நியூட்டன் மீட்டர் கிடைத்தது; ஆறு கியர் கொண்ட ஜி56 மேனுவலுடன் வாங்கினால் ஏறத்தாழ 895 மட்டுமே கிடைத்தது. எஞ்சின் ஒன்றுதான். மேனுவல் கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய அளவுக்குள் அந்த எஞ்சினைக் கட்டி வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு மாடலில் அந்தக் கனரக வரிசையிலிருந்து மேனுவல் கியர்பாக்ஸே நீங்கிவிட்டது.

மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை டிரக் வைத்திருப்பவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. ஒரே அடியில் உடையாமல் தாங்குவது வலிமை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் சுழன்றும் தேயாமல் இருப்பது ஆயுள். இவ்விரண்டும் ஒரே கியர்பாக்ஸில் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மிக வலிமையான கியர்பாக்ஸ் ஒன்று ஆயில் குறைந்ததால் ஒரே பயணத்தில் கருகிப்போகலாம். வலிமை குறைந்த ஒன்று பொறுப்பானவர் கையில் எஞ்சினைவிட அதிக காலம் ஓடலாம். பழைய டிரக் வாங்குகிறவருக்கும், கையில் இருக்கும் டிரக்கைக் காப்பாற்ற நினைப்பவருக்கும், எஞ்சின் சக்தியைக் கூட்ட விரும்புகிறவருக்கும் பயன்படும்படி, மதிப்பீட்டிலிருந்து பிரித்துச் சரிசெய்வது வரை படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த உறுப்பு எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளட்ச் வழியாக வரும் விசை முதலில் இன்புட் ஷாஃப்டுக்குள் நுழைகிறது. அதிலுள்ள பல்சக்கரம் கீழே இருக்கும் லே ஷாஃப்டைச் சுழற்றுகிறது. லே ஷாஃப்டில் உள்ள பல்சக்கரங்கள் மெயின் ஷாஃப்டில் உள்ள இணைச் சக்கரங்களை எந்நேரமும் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. கியர் லீவரைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் நகர்வதில்லை. மெயின் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் ஸ்லீவ் ஒன்று நகர்ந்து, நமக்கு வேண்டிய சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டுகிறது. அந்தப் பூட்டு விழுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமன்செய்யும் பித்தளை வளையமே சிங்க்ரோ ரிங்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 40 மில்லிமீட்டர் ஆரமுள்ள பல்சக்கரத்தின் வழியாகச் செல்கிறது என்று கொள்வோம். பற்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை 10,000 நியூட்டன். அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடை, விரல் அகலமுள்ள இரும்புப் பல்லின் மேல் வந்து அமர்கிறது. அதே முறுக்குவிசை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் சென்றால், அந்த விசை 8,000 நியூட்டனாகக் குறைகிறது. மெயின் ஷாஃப்டுக்கும் லே ஷாஃப்டுக்கும் உள்ள மைய இடைவெளி கூடக் கூட, பெரிய சக்கரங்களுக்கு இடம் கிடைக்கிறது. பல்லின் மேல் விழும் விசை குறைகிறது. கியர்பாக்ஸின் வலிமையைச் சொல்லும் அளவுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கியர்களின் எண்ணிக்கையையோ எடையையோ விட்டுவிட்டு இந்த இடைவெளியைத்தான் நான் கேட்பேன்.

சாய்வான பற்கள் கொண்ட சக்கரங்கள் சத்தமில்லாமல் ஓடினாலும், ஒன்றையொன்று பக்கவாட்டில் விலக்கவும் ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளவும் செய்கின்றன. அந்தத் தள்ளலைப் பேரிங்குகளும், பேரிங்குகளைத் தாங்கும் கியர்பாக்ஸின் வெளிக்கூடும் ஏற்கின்றன. கூடு சற்றே வளைந்தாலும் பற்கள் முழு அகலத்தில் படியாமல் ஓரத்தில் மட்டும் படியும். அடிப்பகுதியில் முறியும் பல், வலிமை போதாமையின் அடையாளம். முகப்பில் குழிகள் விழுந்த பல், நீண்டகால மிகைச்சுமையின் அடையாளம். உரசி இழுபட்ட கோடுகள் உள்ள பல், ஆயில் படலம் அறுந்ததன் அடையாளம். ஒரே பல்லில் மூன்று வெவ்வேறு கதைகளைப் படிக்க முடியும்.

பேரிங்கின் ஆயுள் பற்றிய விதி இன்னும் கடுமையானது. குண்டு பேரிங்கின் ஆயுள், அதன் மேல் வரும் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். சுமை 25 விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். உருளை பேரிங்குகளில் சரிவு இதைவிடச் சற்று வேகமானது. எஞ்சினின் கணினியில் மாற்றம் செய்து கால் பங்கு முறுக்குவிசையைக் கூட்டுகிறவர், கியர்பாக்ஸ் அன்றே உடையவில்லை என்று நிம்மதி அடைகிறார். அந்தக் கூடுதல் விசையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பேரிங்குகள் இரண்டு மணி நேரம் முதுமை அடைகின்றன.

படி 2: உங்களிடம் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ் என்று உறுதிசெய்யுங்கள்

டிரக்கின் பெயரை வைத்துக் கியர்பாக்ஸை ஊகிக்கக் கூடாது. ஒரே ஆண்டில், ஒரே பெயரில் வந்த டிரக்குகளில் எஞ்சினுக்கும் சுமைத் தகுதிக்கும் ஏற்ப வெவ்வேறு கியர்பாக்ஸ்கள் பொருத்தப்பட்டிருக்கும். 1990-களின் ஃபோர்டு வரிசையில் எஃப்-150-இல் மாஸ்டா வடிவமைத்த எம்5ஓடி இருந்தது. கனரக எஃப்-250, எஃப்-350-களில் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஐந்து கியர் எஸ்5-42-உம் அதன் பின் எஸ்5-47-உம் வந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே ஐந்து கியர்தான். உள்ளே இருப்பவற்றின் தாங்கும் திறனோ மிகவும் வேறுபட்டது.

கூட்டின் பக்கத்தில் உள்ள உலோகத் தகடு, வார்ப்பில் பதிந்த எண், பக்கவாட்டு மூடியின் வடிவம், கூடு இரும்பா அலுமினியமா என்பது ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். தகட்டைத் துடைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப் பாகம் வாங்கும் ஒவ்வொரு முறையும் அது தேவைப்படும். பெயர் ஒன்றாக இருந்தாலும் விகிதங்கள் மாறலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நியூ வென்ச்சர் கியர் தயாரித்த என்வி4500 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் 6.34 முதல் கியர் விகிதத்துடன் வந்தது; பின்னர் வந்தவை 5.61 விகிதம் கொண்டவை.

படி 3: தாங்கும் திறனையும் வரும் விசையையும் ஒப்பிடுங்கள்

இசட்எஃப் தன் பெயர்களிலேயே ஓரளவு விடை சொல்லிவிடுகிறது. எஸ்5-42 என்றால் ஐந்து கியர், சுமார் 420 நியூட்டன் மீட்டர்; எஸ்6-650 என்றால் ஆறு கியர், 650 நியூட்டன் மீட்டர். இவை கியர்பாக்ஸுக்குள் நுழையும் விசைக்கான அளவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். 5.61 விகித முதல் கியரில் 400 நியூட்டன் மீட்டர் நுழைந்தால், உராய்வு இழப்பைக் கழிப்பதற்கு முன் 2,244 நியூட்டன் மீட்டர் பின்பக்கம் வெளியேறுகிறது. நான்கு சக்கர இயக்கத்தின் லோ ரேஞ்ச் இதற்குப் பின்னால்தான் வருகிறது. எனவே அது கியர்பாக்ஸின் மேல் சுமையைக் கூட்டுவதில்லை. மாறாக, செங்குத்தான ஏற்றத்தில் லோ ரேஞ்சைப் பயன்படுத்துகிறவர், அதே வேலையைக் குறைந்த விசையில் முடித்துக் கிளட்சையும் கியர்பாக்ஸையும் காப்பாற்றுகிறார்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. டிரக்கில் சுமையை இரட்டிப்பாக்கினால் கியர்பாக்ஸுக்குள் வரும் உச்ச விசை இரட்டிப்பாவதில்லை. எஞ்சின் தன்னால் முடிந்த அளவுக்கு மேல் தர முடியாது. கூடுவது, அந்த உச்ச விசை நீடிக்கும் நேரம். சுமையில்லாத டிரக் முழு விசையைச் சில விநாடிகளுக்குக் கேட்கும். டிரெய்லர் இழுக்கும் டிரக் மலைப்பாதையில் அதையே அரைமணி நேரம் கேட்கும். எனவே சுமை இழுப்பது பெரும்பாலும் ஆயுளைப் பற்றிய கேள்வி. வலிமையைப் பற்றிய கேள்வி எழுவது வேறு இடத்தில். அதிக சுழற்சியில் எஞ்சினை ஓடவிட்டு கிளட்சைத் திடீரென்று விடும்போது, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் தேங்கியிருக்கும் சுழல் ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்குள் பற்களின் மேல் பாய்கிறது. அப்போது மட்டும் எஞ்சினின் உச்ச அளவைவிடப் பல மடங்கு விசை எழ முடியும். சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று பாறையைப் பற்றும்போதும் அப்படியே. பற்கள் முறிந்த கியர்பாக்ஸ்களின் கதைகளை விசாரித்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கணமே அவற்றின் பின்னால் இருக்கும்.

அன்றாடம் சுமை இழுக்கும் டிரக்குக்கு, எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைவிடக் கியர்பாக்ஸின் தகுதி குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சுமை அரிதாகவே ஏறும் டிரக்குக்கு இரண்டும் சமமாக இருந்தாலும் போதும்.

படி 4: வார்ப்பிரும்பு, அலுமினியம், ஓவர்டிரைவ் ஆகியவற்றின் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜெனரல் மோட்டார்ஸின் எஸ்எம்465, நியூ பிராசஸ் நிறுவனத்தின் என்பி435, போர்க்-வார்னரின் டி-18 ஆகிய பழைய நான்கு கியர் பெட்டிகள் அழிக்க முடியாதவை என்று புகழப்படுகின்றன. அவற்றின் முதல் கியர் விகிதங்கள் முறையே 6.55, 6.69, 6.32, ஊர்ந்து செல்வதற்கென்றே அமைந்த கியர் அது. கனமான வார்ப்பிரும்புக் கூடு, தடித்த பற்கள், பெரிய மைய இடைவெளி எல்லாம் உண்மை. ஆனால் அவற்றின் நீண்ட ஆயுளுக்கு அதிகம் பேசப்படாத வேறொரு காரணமும் உண்டு: அவற்றின் நான்காவது கியர் நேர்கியர். நேர்கியரில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே தண்டுபோல் சுழல்கின்றன. லே ஷாஃப்ட் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். எந்தப் பல்லும் சுமை தாங்குவதில்லை. அந்த டிரக்குகள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கியரிலேயே கழித்தன. இரும்பின் புகழில் ஒரு பங்கை இந்த அமைப்புக்கும் கொடுப்பதுதான் நியாயம்.

எரிபொருள் சிக்கனத்துக்காக, எஞ்சினைவிட வேகமாக வெளித்தண்டைச் சுழற்றும் ஓவர்டிரைவ் கியர் வந்தபோது இந்த நிலை மாறியது. ஓவர்டிரைவில் விசை மீண்டும் லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு ஜோடிப் பற்கள் சுமையைத் தாங்குகின்றன. கம்மின்ஸ் டீசல் எஞ்சினுடன் வந்த டாட்ஜ் டிரக்குகளின் என்வி4500 இதற்கு நல்ல உதாரணம். அதன் கூடு வார்ப்பிரும்பு, பற்கள் பெரியவை. ஆனாலும் மெயின் ஷாஃப்டின் பின்முனையில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட், டீசல் எஞ்சினின் அதிர்வுத் துடிப்புகளால் மெல்லத் தளர்ந்து பின்வாங்கும். கியர் தன் இடத்திலிருந்து நகரும். ஒருநாள் ஐந்தாவது கியர் இல்லாமலே போய்விடும். குறைந்த சுழற்சியில், பாரத்தோடு, ஐந்தாவது கியரிலேயே எஞ்சினைத் திணறவிட்டு ஓட்டும் பழக்கம் அதை விரைவுபடுத்தியது. பின்னர் முழு நீளமும் பல்வரி வெட்டிய மெயின் ஷாஃப்டும், கழலாத பூட்டு நட்டும் தீர்வாக வந்தன. மற்ற நான்கு கியர்களும் புதிதுபோல் இருக்கும் பெட்டி, ஒரு நட்டால் செயலிழந்தது. கியர்பாக்ஸின் வலிமை அதன் மிகப் பெரிய பல்லின் வலிமையன்று, மிகச் சிறிய குறையின் வலிமை என்று நான் கருதுவதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆகவே கனமான டிரெய்லர் இழுக்கும்போது, ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் ஓவர்டிரைவைத் தவிர்த்து நேர்கியரில் ஓட்டுங்கள். ஐந்து கியர் பெட்டிகளில் அது வழக்கமாக நான்காவது. என்வி5600, எஸ்6-650 போன்ற ஆறு கியர் பெட்டிகளில் ஐந்தாவது. எரிபொருள் சற்றுக் கூடும். கியர்பாக்ஸின் வெப்பம் கண்கூடாகக் குறையும்.

கூட்டின் உலோகத்தைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்பு விறைப்பானது, அதிர்வை விழுங்குவது, கனமானது. என்வி5600 ஏறத்தாழ 160 கிலோ எடை கொண்டது என்பதால் அதைத் தனியாளாக இறக்க முயல்வது ஆபத்து. அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது. ஆனால் சூடாகும்போது எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. அதனால் கூம்பு உருளை பேரிங்குகளின் இறுக்கம் வெப்பத்தோடு மாறுகிறது. இசட்எஃப் பெட்டிகளில் ஷிம் எனப்படும் மெல்லிய இடைவெளித் தகடுகளின் தடிமனை நூல் பிசகாமல் அளந்து பொருத்த வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அலுமினியக் கூடு என்றாலே பலவீனம் என்று ஒதுக்குவது சரியன்று. அளவில்லாமல் கண்மதிப்பில் பொருத்தினால் இரும்பைவிட விரைவில் பழிவாங்கும் என்பது மட்டுமே உண்மை.

படி 5: கிளட்சையும் ஃப்ளைவீலையும் கியர்பாக்ஸின் பகுதியாகவே பாருங்கள்

கிளட்ச் ஒருவகையில் மின்சார ஃப்யூஸ் போன்றது. அளவுக்கு மீறிய விசை வரும்போது அது வழுக்கினால், முறியவிருந்த பல் தப்பிக்கிறது. சக்தி கூட்டிய எஞ்சினுக்குத் தேவைக்கும் மேல் மிகக் கடினமான கிளட்சைப் பொருத்துகிறவர் அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றுகிறார். எஞ்சினின் உண்மையான உச்ச விசையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் கிளட்ச் போதுமானது.

டீசல் எஞ்சின் சீராகத் தள்ளுவதில்லை; ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு உதை விடுகிறது. அந்த உதைகளை உள்ளேயே உறிஞ்சுவதற்காக இரட்டைத் தட்டு ஃப்ளைவீல் வைக்கப்படுகிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நீண்ட சுருள்வில்கள் இருக்கும். அது தேய்ந்தபின் விலை கருதி ஒற்றைத் தட்டு ஃப்ளைவீலுக்கு மாறுகிறவர்கள் பலர். டிரக் ஓடும், ஆனால் நியூட்ரலில் கடகடவென்று பற்கள் உரசும் ஓசை எழும், உதைகள் நேராகக் கியர்பாக்ஸுக்குள் செல்லும். இப்படி மாற்றுவது உறுதி என்றால், சுருள்வில் பொருத்திய கிளட்ச் பிளேட்டையாவது தேர்ந்தெடுங்கள்.

படி 6: ஆயிலை எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுங்கள்

ஒரு கியர்பாக்ஸின் ஆயுளை நீட்டிக்க ஒரே ஒரு செயலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது சரியான ஆயிலைச் சரியான அளவில் வைத்திருப்பது. மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் பம்ப் பெரும்பாலும் இருப்பதில்லை; லே ஷாஃப்டின் சக்கரங்கள் ஆயிலில் மூழ்கிச் சுழன்று அதை மேலே வாரி இறைக்கின்றன. மட்டம் சில சென்டிமீட்டர் குறைந்தாலே மேலே இருக்கும் பேரிங்குகள் காயத் தொடங்கும். எஞ்சினுக்கு இருப்பதுபோல் எச்சரிக்கை விளக்கும் இல்லை.

எம்5ஓடி பெட்டியின் கதை இங்கே சொல்லத்தக்கது. அதன் மேல்மூடியின் பின்புறத்தில் ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் எனும் கவைகளின் தண்டுகள் செல்லும் துளைகளை அடைக்கும் மூன்று ரப்பர் அடைப்பான்கள் உண்டு. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து சுருங்கியபின் அவை வழியாக ஆயில் கசிகிறது. கசிவு கூட்டின் மேலிருந்து வழிவதால், பின் சீல் கசிவதாக எண்ணிப் பலர் சீலை மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மட்டம் குறைந்துகொண்டே போய்ப் பெட்டி அழிகிறது. அந்த மூன்று அடைப்பான்களையும் உலோக அடைப்பான்களாக மாற்றுவது மிகச் சிறிய வேலை.

ஆயில் வகையில் ஊகத்துக்கு இடமில்லை. கியர் ஆயில்கள் பல, மிகை அழுத்தத்தைத் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்களைக் கொண்டவை. கியர் ஆயிலின் தரக்குறியீடுகளான ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகியவற்றில், ஜிஎல்-5 தரத்தில் அவை அதிகம். பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டு சிக்கல்களை உண்டாக்கக்கூடும். சிங்க்ரோ ரிங் உராய்வால் வேலை செய்யும் உறுப்பு. ஆயில் மிக வழுவழுப்பாக இருந்தால் வேகத்தைச் சமன்செய்ய முடியாமல் கியர் உரசும். அதோடு, செயல்திறன் மிக்க கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். ஆகவே கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டுமே ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 உயர்ந்த எண் என்பதால் உயர்ந்த ஆயில் என்று எண்ணுவது தவறு. என்வி4500-க்கு 75டபிள்யூ-85 ஜிஎல்-4 செயற்கை ஆயில் குறிப்பிடப்பட்டது. எம்5ஓடி-க்கோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப்தான் உரிய ஆயில். அதில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் குளிர்ந்த நிலையில் கியர் விழாது. எண்களும் ஏமாற்றக்கூடியவை: கியர் ஆயிலின் 90 என்ற எண், எஞ்சின் ஆயில் அளவுகோலில் ஏறத்தாழ 40-க்கும் 50-க்கும் இணையான கெட்டித்தன்மைதான், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்.

மாற்றும் முறை இது. சிறிது தூரம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிய பின், டிரக்கைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டாண்டுகளில் நான்கு புறமும் சமமாகத் தாங்குங்கள். முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவேறிக் கழலாமல் இருப்பது, வடிக்கும் பிளக்கைத் திறந்து ஆயிலை முழுவதும் கொட்டியபின் தெரியவந்தால் டிரக் அங்கேயே நின்றுவிடும். பிறகு வடியுங்கள். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மை போன்ற சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். ஆயிலில் பொன்னிறத் துகள்கள் மினுங்கினால் சிங்க்ரோ தேய்கிறது. விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. புது ஆயில் அதைக் குணப்படுத்தாது, பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம் அது. புதிய ஆயிலை நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் வழியும் வரை ஊற்ற வேண்டும் என்பது பெரும்பாலான பெட்டிகளுக்குப் பொருந்தும் விதி. கையேடு வேறுவிதமாகச் சொன்னால் கையேடே சரி.

இடைவெளியைப் பொறுத்தவரை, கையேடு சொல்வது இலேசான ஓட்டத்துக்கானது; டிரெய்லர் இழுக்கும் டிரக்குக்கு அதைப் பாதியாக்குங்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது ஆயில் வேதியியலின் பொதுவிதி.

நீர் நிறைந்த பாதைகளில் ஓட்டுகிறவர்கள் கூட்டின் மேலுள்ள காற்றுத் துளையான பிரீதரைக் கவனிக்க வேண்டும். சூடான பெட்டி நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். பிரீதர் நீருக்குள் இருந்தால் உறிஞ்சுவது நீர்தான். ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உயரமான இடம்வரை நீட்டிவிட்டால் போதும். வடித்த ஆயில் பால் கலந்தாற்போல் இருந்தால் தாமதிக்காமல் மாற்றி, சிறிது ஓட்டி, மறுபடியும் மாற்றுங்கள்.

படி 7: காதால் சோதியுங்கள்

பழைய டிரக் வாங்கும்போது இதைக் குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, சூடான பின் மீண்டும் செய்ய வேண்டும். எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்சிலிருந்து காலை எடுங்கள். உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது மறைந்தால், இன்புட் ஷாஃப்டின் பேரிங்கோ லே ஷாஃப்டின் பேரிங்குகளோ தேய்ந்திருக்கின்றன. மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை எழுகிறது என்றால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கையோ, இன்புட் ஷாஃப்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். அவை கியர்பாக்ஸைத் திறக்காமல் மாற்றக்கூடியவை.

அடுத்து சாலையில் ஓட்டுங்கள். எல்லாக் கியர்களிலும் இரைச்சல் இருந்து, நேர்கியரில் மட்டும் அமைதியாக இருந்தால், லே ஷாஃப்ட் பக்கம் பழுது. ஒரே ஒரு கியரில் மட்டும் இரைந்தால் அந்த ஜோடிப் பற்கள். வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், பூட்டுப் பற்களின் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது, அல்லது ஷாஃப்டின் முன்பின் அசைவு அளவை மீறிவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைவாக இறக்கும்போது உரசினால் இரண்டாம் கியரின் சிங்க்ரோ முடியும் தறுவாயில் இருக்கிறது. நானறிந்தவரை முதலில் களைப்பது பெரும்பாலும் அதுதான்.

ரிவர்ஸ் கியர் உரசுவதைக் கேட்டு கியர்பாக்ஸைப் பழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நின்ற நிலையில் கிளட்சை முழுவதும் மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸுக்குத் தள்ளுங்கள். அப்போதும் உரசினால், கிளட்ச் முழுவதும் விலகவில்லை. ஹைட்ராலிக் சிலிண்டரையும் அதன் திரவத்தையும் பாருங்கள். கிளட்ச் கோளாறைக் கவனிக்காமல் ஓட்டினால், அது எல்லா சிங்க்ரோக்களையும் தின்றுவிட்டு உண்மையிலேயே கியர்பாக்ஸ் கோளாறாக மாறும்.

படி 8: ஓட்டும் பழக்கத்தைத் திருத்துங்கள்

கியர் லீவரின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவது தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் ஃபோர்க் என்பது சுழலும் ஸ்லீவை ஒரு கணம் மட்டும் தொட்டுத் தள்ளுவதற்கான உறுப்பு. கையின் எடை அதை இடைவிடாமல் அழுத்தும்போது அதன் முகப்பு தேய்கிறது. சரிவில் டிரக்கைப் பிடித்து நிறுத்த அரை கிளட்சைப் பயன்படுத்துவதும் வேண்டாம். அதற்குப் பிரேக் இருக்கிறது.

எஸ்எம்465, என்பி435 போன்றவற்றின் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது அதற்கு இறக்க வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் முறை தேவை: மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சின் சுழற்சியைச் சற்று உயர்த்தி, மீண்டும் மிதித்துக் கியரில் இடுவது. சிங்க்ரோ உள்ள பெட்டிகளிலும், பாரத்தோடு இறங்கும்போது இந்த முறை சிங்க்ரோவின் வேலையைப் பெருமளவு குறைக்கிறது.

டிரக்கை வேறொரு வண்டியின் பின்னால் கட்டிப் பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்ல நேர்ந்தால், நியூட்ரலில் விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் நின்றிருப்பதால் லே ஷாஃப்ட் சுழலாது, ஆயில் மேலே வாரப்படாது. மெயின் ஷாஃப்டோ சக்கரங்களால் சுழன்றுகொண்டே இருக்கும். நீண்ட தூரத்துக்குப் பின்பக்கப் புரப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

படி 9: திறந்தே ஆக வேண்டும் என்றால்

பிரிப்பதற்கு முன் ஷாஃப்டுகளின் முன்பின் அசைவை டயல் கேஜ் கொண்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு அந்த அளவை மீட்க முடியாது. ஒவ்வொரு ஷிம்மும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துத் தனித்தனியே வையுங்கள். பேரிங்குகளை ஒன்றிரண்டாக மாற்றாமல், வெளி வளையங்களோடு சேர்த்து முழுத் தொகுதியாக மாற்றுங்கள். உதிர்ந்த ஒரு பேரிங்கின் தூள் மற்றவற்றின் வழியாகவும் ஓடியிருக்கும்.

சிங்க்ரோ ரிங்கை அதன் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் பூட்டுப் பற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றிலும் அளக்க வேண்டும். கையேடு சொல்லும் குறைந்தபட்சத்துக்கு அருகில் வந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். ஒரு ரிங்குக்காகப் பெட்டியை மீண்டும் இறக்குவது பெரிய உழைப்பு. ஸ்லீவின் பற்கள் கூர்மையாக இருக்கின்றனவா, ஃபோர்க்கின் முகப்பு தேய்ந்து பள்ளமாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். பல்சக்கரத்தை மாற்ற நேர்ந்தால் அதோடு பொருந்தி ஓடிய இணையையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு புதுப்பல் ஒத்துப்போகாது. பூட்டு நட்டுகளைப் பழையனவற்றைத் திரும்பப் பயன்படுத்தாமல், புதியவற்றை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள்.

பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது பலர் விட்டுவிடும் ஒன்று, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணிவடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் மையம். எஞ்சினின் கிராங்க் மையமும் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், விலகல் 0.13 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் வரம்பு. வேறு எஞ்சினோடு வேறு கியர்பாக்ஸை இணைக்கிறவர்களுக்கு இது மிக மிக முக்கியம். இந்த விலகல் இருந்தால் புதிய இன்புட் பேரிங்கும் பைலட் பேரிங்கும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே உறுமத் தொடங்கும், காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் பேரிங் மாற்றிக்கொண்டிருக்க நேரும். கியர்பாக்ஸைப் போல்ட்டுகளால் இழுத்துப் பொருத்தவும் கூடாது. அது கையால் தள்ளியே முழுவதும் உள்ளே போய் அமர வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். அதன்பின் ஆயிலை வடித்து காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள்: புதிய பரப்புகள் ஒன்றோடொன்று பழகியதன் மெல்லிய பசை இருக்கும், சில்லுகள் இருக்கக் கூடாது. புது ஆயிலை ஊற்றியபின், ஆயிலின் வகையையும் ஓடோமீட்டர் எண்ணையும் தேதியையும் அழியாத பெயிண்டால் கூட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்து அந்த டிரக்கின் அடியில் படுப்பவர் எந்த ஆயிலை ஊற்றுவது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.